அமைதிக் காலையின் நாட்டில்

கொரியா என்ற பெயர் இன்று உங்கள் இல்லங்களுக்குப் புதியதன்று. உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோ கைபேசியோ அந்நாட்டு நிறுவனத்தின் தயாரிப்பாக இருக்கக் கூடும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருவாகி வருகின்றன. உங்கள் பெண்மக்களோ கொரியத் தொடர்களைக் கண்டு, அந்நாட்டார் எவ்வாறு தலைவணங்குகிறார்கள், எவ்வாறு குச்சிகளால் உண்கிறார்கள் என்பதையெல்லாம் என்னைக் காட்டிலும் நன்கு அறிந்திருப்பார்கள். எனவே அறியாத நாட்டை அறிமுகப்படுத்துவதாக எண்ணி நான் இதனை எழுதவில்லை. தொடர்களில் காட்டப்படாத மூன்று பொருள்களைப் பற்றி மட்டும் உங்களோடு பேச விரும்புகிறேன். மலை, சோறு, பாட்டு ஆகியவையே அவை.

என் மைத்துனரின் மகன் தென்கொரியாவில் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வாளராக இருக்கிறார். அவர் அழைப்பின் பேரில் 2023 நவம்பரில் மூன்று வாரங்கள் அங்குத் தங்கும் வாய்ப்பினை வல்ல இறைவன் எனக்கு அளித்தான். "மாமா, குளிருக்கு முன்னர் வந்துவிடுங்கள். இலை சிவக்கும் காலம் அதுதான்" என்று அவர் எழுதியிருந்தார். குளிருக்கு முன்னர் என்று அவர் குறிப்பிட்டது எந்தக் குளிரை என்பதை நான் சென்றிறங்கிய பின்னரே உணர்ந்தேன். நமக்கு அதுவே கடுங்குளிர்.

தலைநகர் சியோலைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. வானளாவிய கட்டடங்களை எந்நாட்டிலும் காணலாம். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 94 இலட்சம் மக்கள் வாழும் அந்நகரின் எல்லைக்குள்ளேயே 836 மீட்டர் உயரமுள்ள கருங்கல் மலையொன்று நிற்கிறது. புகான்சான் என்பது அதன் பெயர். சுரங்க ரயிலிலிருந்து இறங்கி அரைமணி நேரம் நடந்தால் மலையடிவாரம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் எழுபது வயதுப் பெரியவர்கள் கைத்தடிகளை ஊன்றிக் கொண்டு, இளைஞர்களை முந்திச் செல்வதைக் காணலாம். மலை அவர்களுக்கு வேடிக்கை பார்க்கும் இடமன்று. வாழ்வின் ஒரு பகுதி.

இட்டேவோன் பகுதியில் மேட்டின் மீது சியோல் மத்தியப் பள்ளிவாசல் இரு மினாராக்களுடன் நிற்கிறது. கொரிய அரசு நிலமளிக்க, முஸ்லிம் நாடுகளின் பொருளுதவியால் எழுந்த அப்பள்ளி 1976-இல் திறக்கப்பட்டது. அந்நாட்டில் இஸ்லாம் வேரூன்றியதற்குக் காரணமானவர்கள் 1950-இல் தொடங்கிய கொரியப் போரில் ஐக்கிய நாடுகள் படையில் இடம்பெற்ற துருக்கியப் படையினர். அவர்களோடு வந்த இமாம்களிடம் கொரியர் சிலர் கலிமா மொழிந்தனர். 1955-இல் முதல் கொரிய ஜமாஅத் உருவாயிற்று. போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அத்துருக்கியர் சூவோன் நகரில் 'அங்காரா' என்ற பெயரில் ஓர் இல்லத்தையும் பள்ளியையும் நடத்தினர். துப்பாக்கியோடு சென்றவர்கள் குழந்தைகளைத் தூக்கி வளர்த்த அவ்வரலாற்றை அங்குள்ள முதியோர் இன்றும் நன்றியோடு நினைவு கூர்கிறார்கள்.

அதற்கும் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே தொடர்பு இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் இப்னு குர்தாத்பிஹ் எனும் புவியியலார், 'சீலா' என்று கொரியாவைக் குறிப்பிட்டு, அங்குச் சென்ற முஸ்லிம்கள் அதன் வளத்தில் மனம் பறிகொடுத்து அங்கேயே குடியேறிவிட்டனர் என்று எழுதிச் சென்றார். 1024-ஆம் ஆண்டில் அரபு வணிகர் நூறு பேர் வந்திறங்கியதைக் கொரிய அரச வரலாறே பதிவு செய்திருக்கிறது. பின்னர் 1427-இல் சேஜோங் மன்னர் காலத்தில் பிறந்த ஆணையொன்று முஸ்லிம்களின் தனி உடையையும் சடங்குகளையும் நீக்கியது. அச்சமூகம் காலப்போக்கில் கொரிய மக்களோடு கலந்து மறைந்தது. விந்தை என்னவெனில், அதே மன்னர் காலத்தில் தொகுக்கப்பட்ட பஞ்சாங்க நூலொன்று முஸ்லிம் வானியலாரின் கணக்கைத் தழுவியது. கொரியருக்கு எழுத்து வகுத்தளித்தவரும் அவரே. 1446-இல் அறிவிக்கப்பட்ட அவ்வெழுத்துகளை என் மருமகன் ஒரு பிற்பகல் வேளையில் எனக்குக் கற்பித்துவிட்டார். பொருள் புரியாவிட்டாலும் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்துக் கொண்டே நடந்தேன். அவ்வெழுத்தறிவு பிற்பாடு உணவு விஷயத்தில் எவ்வளவு கைகொடுத்தது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் மலை. நாட்டின் தென்மேற்கே ஜொல்லா மாநிலத்தில் நேஜாங்சான் எனும் மலை உள்ளது. இலையுதிர்காலச் சிவப்புக்கு அந்நாட்டிலேயே பெயர் பெற்ற இடம். நவம்பர் முதல் வாரத்தில் அங்குச் சென்றோம். மேப்பிள் மரங்கள் பாதையின் இருமருங்கும் நின்று மேலே ஒன்றோடொன்று கைகோத்திருந்தன. அவற்றுள் ஒரு வகையின் இலை பச்சிளங்குழந்தையின் உள்ளங்கை அளவே இருக்கும். அதனை 'குழந்தை மேப்பிள்' என்றே அழைக்கிறார்கள். இலைகள் யாவும் ஒரே சிவப்பாக இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். அவ்வாறன்று. உச்சிக்கிளையில் குருதிச் சிவப்பு, நடுவே மஞ்சள், நிழல் விழும் அடிக்கிளையில் இன்னமும் பச்சை. ஒரே மரம் மூன்று மாதங்களைத் தன் உடலில் ஏந்தி நிற்பதைப் போன்றிருந்தது. ஓடை நீரில் உதிர்ந்த இலைகள் மெல்ல நகர்ந்து கொண்டிருந்தன. அந்நீரில் உளூச் செய்தேன். விரல்கள் மரத்துப் போயின. மேற்கிலிருந்து சற்றே வடக்காகச் சாய்ந்து கிப்லாவை நோக்கி லுஹரை நிறைவேற்றினோம். ஏறக்குறைய நம் ஊரில் நாம் நோக்கும் திசையேதான்! வழிநடப்போர் ஒதுங்கி, குரல் தாழ்த்திச் சென்றனர்.

வாசகர்களே, இத்துணை அழகும் ஆதிமுதல் அப்படியே இருந்து வந்ததென்று எண்ணிவிடாதீர்கள். கொரிய மலைகள் ஒரு காலத்தில் மொட்டையாகக் கிடந்தன. 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சி. பிறகு 1950 முதல் 1953 வரை போர். காடுகள் வெட்டப்பட்டன, எரிந்தன. மிஞ்சியவற்றை மக்களே விறகாக்கினர். அதற்குக் காரணம் அவர்களது வீட்டுத் தரை. 'ஓண்டோல்' என்னும் அமைப்பில் அடுப்பின் புகையும் வெப்பமும் தரைக்கு அடியிலுள்ள கல்வழிகளினூடே சென்று வீட்டையே சூடாக்கும். கடுங்குளிரில் குழந்தைகள் உயிர்பிழைக்கத் தரை சுட வேண்டும். தரை சுட விறகு வேண்டும். விறகுக்கு மலைதான் போக்கிடம். வெறுமையான மலையில் மழை பெய்தால் மண் சரிந்து வயலை மூடும். வயல் போனால் சோறில்லை. வறுமைக்கும் மொட்டை மலைக்கும் இடையே அப்படியொரு சுழல்.

அச்சுழலை அவர்கள் உடைத்த விதம் படித்தறிய வேண்டியது. 1967-இல் வனத்துறை தனியாக நிறுவப்பட்டது. 1973-இல் பத்தாண்டு மரநடவுத் திட்டம் தொடங்கியது. மரம் நடு என்று கட்டளையிட்டதோடு நிற்கவில்லை. விறகுக்குப் பதிலாக நிலக்கரித் தூளை உருளையாக்கி அதில் துளையிட்ட எரிபொருளை வீடுதோறும் கிடைக்கச் செய்தனர். கிராமங்களில் கூட்டுறவுக் குழுக்கள் நாற்றுகளை வளர்த்தன. பள்ளிப் பிள்ளைகள் மலையேறி நட்டனர். ஏப்ரல் 5 மரநடவு நாளாக, 2005 வரை நாடெங்கும் பொது விடுமுறையாகவே இருந்தது. இன்று அந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ 63 விழுக்காடு காடு. புகான்சானில் என்னை முந்திச் சென்ற எழுபது வயதுக் கிழவருள் எத்தனை பேர் தம் பள்ளிப் பருவத்தில் ஒரு நாற்றையேனும் நட்டவர்களோ என்று எண்ணிப் பார்த்தேன். தாம் நட்டதன் நிழலில் அவர்கள் நடக்கிறார்கள்.

மலையிலிருந்து திரும்பும் வழியில் கிராமங்களில் சீமைப் பனிச்சை மரங்களைக் கண்டேன். இலைகள் யாவும் உதிர்ந்து, செம்மஞ்சள் பழங்கள் மட்டும் விளக்குகளைப் போலத் தொங்கிக் கொண்டிருந்தன. பறிக்கப்பட்ட மரங்களிலும் உச்சியில் மூன்று நான்கு பழங்களை விட்டு வைத்திருந்தனர். எட்டாத காரணத்தால் விட்டார்களோ என்று கேட்டேன். "இல்லை மாமா, அது 'காச்சிபாப்', பறவைகளின் சோறு. பனிக்காலத்தில் அவற்றுக்கு இரை கிடைக்காதல்லவா" என்றார் மருமகன். நட்டவனின் மரத்திலிருந்து பறவை உண்பதும் அவனுக்குத் தருமமாகும் எனும் நபிமொழியை மதரஸாவில் எத்தனை ஆண்டுகள் பாடம் சொல்லியிருக்கிறேன்! அது இலையில்லாக் கிளையில் தொங்குவதை அன்றுதான் பார்த்தேன்.

இனி உணவைப் பற்றி. கொரியாவுக்குச் செல்லும் முஸ்லிம் எதனை உண்பது என்று நீங்கள் கேட்பது என் செவியில் விழுகிறது. சியோல் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருவில் கவலையில்லை. துருக்கி, பாகிஸ்தான், உஸ்பெக் உணவகங்கள் வரிசையாக உள்ளன. சிக்கல் அதற்கு வெளியே தொடங்குகிறது. பன்றி இறைச்சி அந்நாட்டாரின் அன்றாட உணவு. அதனைத் தவிர்ப்பது எளிது, கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதவையே கடினம். குழம்பின் அடிச்சாறு எலும்பிலிருந்து எடுத்ததாக இருக்கும். சோயாச் சாற்றிலும் மிளகாய்ப் பசையிலும் கெடாதிருக்கச் சாராயம் சேர்க்கும் வழக்கம் ஆலைகளில் உண்டு. 'ஜுஜொங்' என்ற ஒரு சொல் சிட்டையில் இருந்தால் அதுதான். நான் எழுத்துக் கூட்டப் பழகியது இங்கேதான் பயன்பட்டது. கடையில் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் என்னைக் கண்டு சிறுபிள்ளைகள் சிரித்தனர். கொரிய முஸ்லிம் சம்மேளனம் ஹலால் சான்று வழங்கி வருவதால், அம்முத்திரை தாங்கிய பொருள்களும் இப்போது கிடைக்கின்றன.

ஜொன்ஜு என்பது பழைய ஓட்டுவீடுகளுக்கும் சமையலுக்கும் பெயர் போன நகரம். அங்கு ஒரு பள்ளிவாசலும் உண்டு. அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்களின் பெயர் தாங்கியது. அவ்வூரின் புகழ் 'பிபிம்பாப்' எனும் உணவில் இருக்கிறது. பித்தளைக் கிண்ணத்தில் சோறு. அதன்மேல் அவித்த முளைப்பயறு, கீரை, காளான், காரட், மஞ்சள் நிறப் பயற்றுக் களி, முட்டை எனத் தனித்தனியே நிறவாரியாக அடுக்கி, நடுவில் மிளகாய்ப் பசை வைத்துத் தருவார்கள். அழகைப் பார்த்து முடித்தபின் எல்லாவற்றையும் கிளறிக் கலந்து உண்ண வேண்டும். 'பிபிம்' என்றால் கலப்பது என்று பொருள். பச்சை மாட்டிறைச்சியைச் சீவி மேலே வைப்பதும் அவ்வூர் வழக்கம்.

சிறிய உணவகம் ஒன்றுக்குச் சென்றோம். அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவரே சமைத்துப் பரிமாறிக் கொண்டிருந்தார். இறைச்சி வேண்டாம், சாராயம் கலந்த பசையும் வேண்டாம் என்று மருமகன் கொரிய மொழியில் விளக்கினார். அவர் தலையசைத்து உள்ளே சென்றார். இரண்டு நிமிடம் கழித்து வெறுங்கையோடு வெளியே வந்தார். முகத்தில் சங்கடம். "நீங்கள் மேலே இறைச்சி வைக்க வேண்டாம் என்றீர்கள். ஆனால் எங்கள் ஊர் முறைப்படி சோற்றையே மாட்டெலும்புச் சாற்றில் வேகவைத்திருக்கிறேன். அது உங்களுக்கு ஆகுமா?" என்று கேட்டார்.

சற்றே எண்ணிப் பாருங்கள். அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நாங்கள் அறிந்திருக்க வழியே இல்லை. வெள்ளைச் சோறு வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும். நண்பகல் நேரம், வாசலில் வேறு ஆட்கள் காத்திருந்தனர். ஆகாது என்றோம். இருபது நிமிடம் பொறுக்க முடியுமா என்று கேட்டு, தனிப் பாத்திரத்தில் வெறும் தண்ணீரில் சோறாக்கினார். மிளகாய்ப் பசைக்குப் பதிலாக மிளகாய்த் தூளும் எள்ளெண்ணெயும் உப்பும் வைத்தார். காத்திருந்தவர்களிடம் அவர் என்ன சொன்னாரோ தெரியாது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பணம் கொடுக்கும்போது வழக்கமான விலையையே வாங்கிக் கொண்டார். எங்கள் மார்க்கத்தின் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

கொரியர் எல்லோரும் இப்படித்தான் என்று சொன்னால் அது உண்மைக்கு மாறாகும். தேகு நகரில் பல்கலைக்கழக முஸ்லிம் மாணவர்கள் தம் தொழுகையிடத்தைப் பள்ளிவாசலாகக் கட்ட முற்பட்டபோது, அக்கம்பக்கத்தார் எதிர்த்தனர். 2021-இல் பணி தடைபட்டது. கட்டலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பின்னரும், எதிர்ப்பாளர்கள் பன்றித் தலைகளைக் கட்டட வாசலில் வைத்தனர். அங்கேயே பன்றி இறைச்சியைச் சுட்டு விருந்துண்டனர். அதே நாடு, அதே அடுப்பு. ஒரு கை அதனை வேலாக்கியது, மற்றொரு கை தனிப் பாத்திரம் தேடியது. இரண்டையும் சொல்வதே நேர்மை.

கிம்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் கொரிய உணவு முற்றுப் பெறாது. முட்டைக்கோஸ் இனத்தைச் சேர்ந்த நீண்ட கீரைத் தண்டை உப்பிட்டு, மிளகாய், பூண்டு, இஞ்சி, முள்ளங்கி ஆகியவற்றோடு புளிக்க வைப்பதே கிம்ச்சி. இன்று அதன் சிவப்பைக் கண்டு காலங்காலமாக இருப்பதென்று நினைப்போம். ஆனால் மிளகாய் கொரியாவை அடைந்தது பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே. நம் நாட்டுக்கும் போர்த்துகீசியர் வழியாக அந்நூற்றாண்டிலேதான் வந்தது. மிளகாயில்லாக் கிம்ச்சியும் மிளகாயில்லாக் குழம்பும் நம் முன்னோர் உண்டவை!

நவம்பர் இறுதியில், பனிக்கு முன்னர், குடும்பமே ஒன்றுகூடி ஓராண்டுக்கான கிம்ச்சியைச் செய்வார்கள். 'கிம்ஜாங்' எனப்படும் அவ்வழக்கத்தை 2013-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மருமகனுடன் பணிபுரியும் நண்பர் ஒருவரின் தாயார் வீட்டுக்கு, ஜொன்ஜுவை அடுத்த கிராமத்துக்கு, எங்களை அழைத்திருந்தனர். வாசலில் காலணிகளைக் கழற்றி உள்ளே நுழைந்ததும் தரையின் இளஞ்சூடு உள்ளங்காலில் ஏறியது. இப்போது விறகில்லை; குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது. தரையிலேயே அமர்ந்து, தரையிலேயே உண்டு, தரையிலேயே உறங்கும் வீடு. தொழுவதற்கு இடம் தேட வேண்டியிருக்கவில்லை. எந்த மூலையும் தூய்மையாகவே இருந்தது.

முந்தைய நாளே உப்பில் ஊறிய கீரைத் தண்டுகள் முற்றத்தில் அலசப்பட்டு நீர் வடியக் கிடந்தன. சிவப்புக் கையுறை அணிந்து பெண்கள் வட்டமாக அமர்ந்தனர். ஒவ்வோர் இலையாக விரித்து, மசாலைத் தடவி, வெளி இலையால் குழந்தைக்குத் துணி சுற்றுவதைப் போலச் சுற்றி ஜாடியில் அடுக்கினர். ஒரு சிறுவன் ஓடிவந்து "அப்பா!" என்று கூவியபோது நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். கொரியரும் தந்தையை 'அப்பா' என்றும் தாயை 'ஒம்மா' என்றுமே அழைக்கிறார்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். இன்றைய மொழியியலார் அவ்வுறவை ஏற்பதில்லை. ஏற்காவிட்டால் என்ன, அச்சிறுவனுக்கு நானும் சிறிது நேரம் அப்பா ஆனேன்.

கிம்ச்சி மசாலையில் உப்பிட்டுப் புளித்த இறாலோ மீனோ சேர்ப்பார்கள். கடலுணவு ஆகும் என்று கொள்ளும் ஷாஃபிஈ மத்ஹபினருக்கு அதில் தடையில்லை. ஹனஃபி மத்ஹபில் இறாலைப் பற்றி அறிஞர்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. அவரவர் தம் ஆலிம்களைக் கேட்டுக் கொள்வதே முறை. என் பொருட்டு ஒரு சிறு ஜாடியில் இறாலின்றி, வெறும் உப்பும் பேரிக்காய்ச் சாறும் கலந்து அடைத்திருந்தார்கள். அதைவிட வேறொன்று என்னை நெகிழச் செய்தது. கிம்ஜாங் நாளில், அப்போதே செய்த கிம்ச்சியோடு வேகவைத்த பன்றி இறைச்சியை வைத்து உண்பது அந்நாடெங்கும் உள்ள வழக்கம்; நாள் முழுதும் குனிந்து உழைத்தவர்களுக்கான விருந்து அது. அன்று அவ்வீட்டில் அது சமைக்கப்படவில்லை. பெரிய சட்டியில் சோயாக் கட்டியைத்தான் அவித்தனர். உறவினர் ஒருவர் அதனைச் சுட்டிக்காட்டிக் கேலி செய்ததாகவும், மூதாட்டி அவரை ஒரு பார்வையால் அடக்கியதாகவும் மருமகன் பின்னர் கூறினார். எங்களிடம் யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அம்மூதாட்டிக்கு வயது எண்பதை நெருங்கியிருக்கும். 'ஹல்மொனி' என்றால் பாட்டி. தாம் மணமாகி வந்த காலத்தில் நூறு தண்டுகளுக்குமேல் செய்ததாகவும், இப்போது முப்பதே போதுமானதாக இருப்பதாகவும் சொன்னார். தெருவில் எட்டு வீடுகள், நான்கில் ஆளில்லை. அக்கிராமத்தில் அப்பா என்று கூவிய அச்சிறுவனும் நகரத்திலிருந்து ஒருநாளுக்காக வந்தவனே. 2023-இல் கொரியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.72 குழந்தை என்ற நிலை. உலகிலேயே மிகக் குறைந்த பிறப்பு வீதம் அது. மலைகளை மீட்டவர்கள் தம் வீடுகள் வெறுமையாவதைத் தடுக்க வழியறியாது நிற்கிறார்கள். கடையில் கிம்ச்சி வாங்கும் குடும்பங்கள் பெருகிவிட்டன. மண்ணில் புதைத்த ஜாடிகளின் இடத்தைக் கிம்ச்சிக்கென்றே செய்யப்பட்ட குளிர்பதனப் பெட்டிகள் பிடித்துக்கொண்டன. ஹல்மொனியின் வீட்டிலும் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஜாடிகள் முற்றத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றை மட்டும் நிமிர்த்தி மண்ணில் புதைத்திருந்தார். "அதன் சுவை பெட்டியில் வராது" என்றார்.

இசையைப் பற்றி ஒரு முன்குறிப்பு. இசைக்கருவிகள் குறித்து நம் இமாம்கள் கூறியவற்றை வாசகர்கள் அறிவீர்கள். நான் அதில் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. கேளிக்கை நாடிச் செல்லும் வழக்கமும் எனக்கில்லை. ஆனால் ஓர் இனம் தன் துயரத்தை எவ்வாறு சொல்லி வந்தது என்பதை அறிய விரும்புவோர் 'பான்சோரி'யைக் கடந்து செல்ல முடியாது. ஒருவர் பாயில் நின்று கையில் விசிறியுடன் கதையைப் பாடியும் பேசியும் நடித்தும் சொல்வார். மற்றொருவர் அமர்ந்து ஒரே முரசைத் தட்டுவார். அவ்வளவே. முழுக் கதையைச் சொல்ல எட்டு மணி நேரம்கூடப் பிடிக்கும்.

முற்காலத்தில் பன்னிரண்டு கதைகள் இருந்தன, எஞ்சியவை ஐந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷின் ஜே-ஹ்யோ என்பவர் வாய்மொழியாக வந்தவற்றைத் தொகுத்துச் செப்பனிட்டார். ஆண்கள் மட்டுமே பாடிய அக்கலையில் ஜின் சே-சொன் என்ற பெண்ணைப் பயிற்றுவித்தவரும் அவரே. ஜப்பானிய ஆட்சியிலும் போரிலும் நலிந்து, திரைப்படமும் வானொலியும் வந்தபின் கேட்பாரற்றுப் போன அதனை 1964-இல் அரசு பாதுகாக்கப்பட்ட மரபாக அறிவித்தது. 1993-இல் வெளிவந்த 'சொப்யொன்ஜே' எனும் திரைப்படம் அக்கலைஞர்களின் வறுமை வாழ்வை ஊரறியச் செய்தது. 2003-இல் யுனெஸ்கோவும் அதனைப் போற்றியது.

ஜொன்ஜுவின் பழைய வீடொன்றில், முப்பது பேர் தரையில் அமரக்கூடிய கூடத்தில், 'சிம்சொங்' எனும் பெண்ணின் கதையிலிருந்து ஒரு பகுதியைக் கேட்டோம். கதை இது. பிறவிக்குப் பின் பார்வையிழந்த சிம் என்பவரின் மனைவி, மகளைப் பெற்றவுடன் இறந்துவிடுகிறார். அவர் பச்சிளங்குழந்தையை ஏந்திக் கொண்டு வீடுவீடாகத் தடவிச் சென்று, பாலூட்டும் தாய்மாரிடம் ஒருவாய்ப் பால் கேட்கிறார். ஊர்த் தாய்மார் எல்லோருடைய பாலும் குடித்து அவள் வளர்கிறாள். முந்நூறு மூட்டை அரிசி காணிக்கை தந்தால் தந்தைக்குப் பார்வை திரும்பும் என்று ஒரு துறவி கூற, கடலுக்குப் பலியிடப் பெண் தேடிவந்த வணிகரிடம் அவள் தன்னையே விற்கிறாள். மனித உயிரைப் பலியிடுவதும், அரிசி கொடுத்துப் பார்வை வாங்குவதும் நம் ஈமானுக்கு ஏற்புடையவையல்ல. கொரியரும் இன்று அவற்றை நம்புவதில்லை. ஆனால் பால் கேட்கும் அக்காட்சி எந்த மார்க்கத்தாருக்கும் புரியும்.

பாடியவர் இருபத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். அக்குரல் இனிமையானதன்று; அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கரகரத்து, பிளந்து, சில இடங்களில் மூச்சு மட்டுமே மிஞ்சும் குரல். அதுவே அவர்களுக்கு முதிர்ந்த குரல். பழங்காலத்தில் அருவிக்கு எதிரே நின்று, நீரின் இரைச்சலை மீறித் தம் குரல் தமக்குக் கேட்கும்வரை ஆண்டுக்கணக்கில் கத்திப் பயின்றார்களாம். தொண்டை புண்ணாகி ஆறி, மீண்டும் புண்ணாகும். 'பால் தாருங்கள் அம்மா' என்று பார்வையற்றவர் கேட்கும் இடத்தில் அப்பெண் உரக்கப் பாடவில்லை. குரல் தேய்ந்து தேய்ந்து முணுமுணுப்பாயிற்று. முரசு நின்றது. அப்போது என் பக்கத்தில் அமர்ந்திருந்த கிழவர் 'ஒல்ஷிகு!' என்று குரல் கொடுத்தார். நான் திகைத்துப் போனேன். அவையோர் இடையிடையே அவ்வாறு குரல் கொடுப்பது குறுக்கீடன்று, கடமை. கேட்பவன் வாய்மூடிக் கிடந்தால் பாடுபவர் தனித்து நிற்க வேண்டியதாகிவிடும் என்பது அவர்கள் கருத்து. முரசறைபவரும் அவ்வாறே ஊக்கிக் கொண்டிருந்தார்.

பிறகு முடிவுப் பகுதி. கடலில் விழுந்த மகள் பிழைத்து அரசியாகிறாள். தந்தையைக் கண்டுபிடிக்க வழியின்றி, நாட்டிலுள்ள பார்வையற்றோர் அனைவருக்கும் விருந்து வைக்கிறாள். எல்லோருக்கும் கடைசியாகக் கந்தலோடு வந்த கிழவரை அவள் 'அப்பா!' என்று அழைக்கிறாள். மொழி தெரியாத எனக்கு அந்த ஒரு சொல் மட்டும் தெளிவாகக் கேட்டது. என் மகளா, நான் பார்க்க வேண்டுமே என்று அவர் கண்களைக் கொட்டக் கொட்ட, பார்வை வந்துவிடுகிறது. கூடத்தில் முந்தானையும் கைக்குட்டையும் தேடாதவர் இல்லை.

கதை அங்கே முடியுமென்று நினைத்தேன். முடியவில்லை. முரசு திடீரென விரைந்தது. அப்பெண் விசிறியைப் பட்டென்று விரித்து, மூச்சுவிடாமல் அடுக்கத் தொடங்கினார். கேட்டிருந்தவர்கள் அழுத கண்ணோடு சிரிக்க ஆரம்பித்தனர். என்ன சொல்கிறார் என்று மருமகனைக் கேட்டேன். விருந்துக்கு வந்திருந்த மற்றக் குருடர்களுக்கும் பார்வை வந்துவிட்டதாம். உண்டுவிட்டுத் திரும்பி வழியில் போய்க் கொண்டிருந்தவர்களுக்கும், விருந்துக்கு வர இயலாமல் வீட்டில் இருந்தவர்களுக்கும், உறங்கிக் கொண்டே, தும்மிக் கொண்டே, சண்டையிட்டுக் கொண்டே இருந்தவர்களுக்கும், பறவைக்கும் விலங்குக்குமாக நாடெங்கும் கண் திறந்துவிட்டதாம். பக்கத்துக் கிழவர் இம்முறை என் முழங்கையை இடித்தார். நானும் ஏதேனும் குரல் கொடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். "சுப்ஹானல்லாஹ்" என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

வெளியே வந்தபோது மணி ஐந்தரை. அந்நாட்டில் நவம்பரில் அதற்குள் இருட்டிவிடும். மஃரிபுக்குப் பள்ளிவாசலை அடைய நாங்கள் வேகமாக நடந்தோம்.